மற்ற கண் சரியாக இருந்தால் 40 சதவீதம்

எங்கள் பி.காம். பாடத்தில் தொழில் சட்டம் என்று ஒரு பேப்பர். தேர்வுக்கு முந்தைய நாள் ராத்திரி மட்டும் படிக்கிற பேப்பர் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்தது. அதில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923 என்று ஒரு யூனிட். தினமும் திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரம் போகிற நேரத்தில் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது முதல் அட்டவணையில் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அந்த அட்டவணை ஒரு விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஒரு கை போனால் 60. இரண்டு கையும் போனால் 100. சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்பதற்கான கணக்கு அது. அதில் கண்ணுக்கு வரும்போது இப்படி இருக்கிறது: ஒரு கண்ணை இழந்தால், "மற்றது சரியாக இருக்கும் நிலையில்", 40 சதவீதம்.

மற்றது சரியாக இருக்கும் நிலையில்! சரி, மற்றது சரியாக இல்லாவிட்டால்? ஏற்கெனவே ஒரு கண் இல்லாத ஆள் வேலைக்கு வந்து, இருந்த ஒரு கண்ணும் வேலையில் போய்விட்டால்?

முதலில் பணக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம், நமக்கு அதுதானே தெரியும். நிரந்தர முழு ஊனத்துக்குச் சூத்திரம்: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2010 முதல் 8,000 ரூபாயாக இருந்தது, 2020 ஜனவரியில் 15,000 ஆனது. 40 வயதுக்குக் காரணி 184.17. ஆக, 15,000 சம்பளக்காரருக்கு 9,000 பெருக்கல் 184.17, அதாவது 16,57,530 ரூபாய். இது 100 சதவீதம். அதே ஆளுக்கு 40 சதவீதம் என்றால் 6,63,012. நடுவில் கிட்டத்தட்ட பத்து லட்சம். "ஏற்கெனவே ஒரு கண் இல்லைதானே, நாங்கள் போக்கியது ஒரு கண்தானே" என்று முதலாளி தரப்பு சொல்வதற்கும், "இன்று என்னால் எதையும் பார்க்க முடியவில்லையே" என்று தொழிலாளி சொல்வதற்கும் இடையில் இருப்பது இந்தப் பத்து லட்சம்தான்.

இது புத்தகக் கேள்வி மட்டும் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு அண்ணன் இருக்கிறார். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போனவர். ஒரு ரைஸ் மில்லில் எடை போட்டு, மூட்டை வாய் தைக்கிற வேலை. இடது காலில் முழு பாரத்தையும் கொடுத்து நாள் பூரா நிற்பார். நெல் வரத்துக் காலத்தில் ராத்திரி பத்து மணிக்கும் நிற்பார். ஐந்தாறு வருடத்துக்கு முன் மூட்டை அட்டி சரிந்து அவருடைய இடது முழங்கால் நொறுங்கியது. நல்ல கால்.

ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கால் மடங்கவில்லை. முழங்காலைப் பார்த்த டாக்டர் 20 சதவீதம் என்று எழுதினார். இரண்டு காலும் நன்றாக இருக்கிற ஒருவருக்கு ஒரு முழங்கால் விறைத்துப் போனால் அது நியாயமான எண்ணாகக்கூட இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் இவரால் இனி நிற்கவே முடியாது.

வழக்குப் போடலாமா என்று ஒரு விவரம் தெரிந்த பெரியவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது: "உனக்கு ஏற்கெனவே அம்பது பர்சன்ட் ஊனம்னு கவர்ன்மென்டே எழுதிக் குடுத்திருக்குப்பா. கோர்ட்டுல அதைத்தான் மொதல்ல தூக்கிப் போடுவான். குடுக்கிறத வாங்கிக்க." பஸ் சலுகைக்காக வரிசையில் நின்று வாங்கின சர்டிஃபிகேட், அவருக்கு எதிரான சாட்சியாக மாறிய கதை இது. மில் தரப்பில் ஆஸ்பத்திரிச் செலவு போக 75,000 ரூபாய் கொடுத்தார்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அப்போது அவருக்கு 35 வயது. காரணி 197.06. சம்பளம் 10,000. முழு ஊனம் என்று எடுத்தால் 6,000 பெருக்கல் 197.06, வருவது 11,82,360. டாக்டர் சொன்ன 20 சதவீதம் என்று எடுத்தாலும் 2,36,472. வாங்கியது 75,000.

இப்போது அந்தப் பெரியவரின் வாதத்துக்கு வருகிறேன். நிறைய பேர் அதைத்தான் நம்புகிறார்கள். என் வகுப்பில் கேட்டபோது பாதிப் பேர் "கழிச்சிட்டுத்தானே குடுக்கணும்" என்றார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? முதலாளி பொறுப்பாகாத சந்தர்ப்பங்களை மூன்றாவது பிரிவு எண்ணிச் சொல்கிறது. மூன்று நாளுக்கு மேல் நீடிக்காத காயம். குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றுவது ஆகியவற்றால் வந்த காயம் (இவையும் மரணத்துக்கோ நிரந்தர முழு ஊனத்துக்கோ பொருந்தாது). "ஏற்கெனவே ஊனமுற்றவர்" என்று அந்தப் பட்டியலில் இல்லை.

அதைவிட முக்கியம், முழு ஊனம் என்றால் என்ன என்கிற வரையறை. விபத்து நடந்த நேரத்தில் அந்த ஆள் எந்தெந்த வேலையைச் செய்யக்கூடியவராக இருந்தாரோ, அந்த எல்லா வேலையையும் செய்ய முடியாமல் போவதுதான் முழு ஊனம். பகுதி ஊனத்துக்கும் இதே அளவுகோல்தான், அந்த நேரத்தில் செய்யக்கூடியதாக இருந்த வேலைகள். அதாவது ஒப்பிட வேண்டியது பிறந்தபோது இருந்திருக்க வேண்டிய முழு உடம்போடு இல்லை. அட்டி சரிவதற்கு ஒரு நிமிடம் முன்னால் அவர் எப்படி இருந்தாரோ அதோடு.

எனக்கு இது காமர்ஸ் மூளையில்தான் சரியாக ஏறியது. ஒரு பழைய மெஷின் இருக்கிறது. வாங்கிய விலை ஒரு லட்சம், தேய்மானம் போகப் புத்தக மதிப்பு ஐம்பதாயிரம். அது தீயில் முழுசாக எரிந்துவிட்டால் நஷ்டம் ஐம்பதாயிரம். "இதில் ஏற்கெனவே பாதி தேய்ந்துவிட்டது, அதனால் அந்த ஐம்பதாயிரத்தில் மறுபடி பாதியைக் கழி" என்று யாராவது சொன்னால் முதலாம் ஆண்டு மாணவன்கூடச் சிரிப்பான். தேய்மானத்தை இரண்டு தடவை பற்று எழுதுகிறாய் என்பான்.

மனிதருக்கு அந்தப் புத்தக மதிப்பு எங்கே இருக்கிறது? சம்பளத்தில். இழப்பீட்டுக் கணக்கின் முதல் எண்ணே சம்பளம்தானே. போலியோ கால் இல்லாவிட்டால் அந்த அண்ணன் அதே மில்லில் மூட்டை தூக்கி எடை போடுபவரைவிட அதிகம் வாங்கியிருப்பார், அல்லது லாரி ஓட்டப் போயிருப்பார். கால் சூம்பியதன் விலையை அந்தப் பத்தாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் அவர் மாதாமாதம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். சூத்திரத்தில் அந்தக் குறைந்த சம்பளத்தைப் போட்டபோதே பழைய ஊனம் கழிந்துவிட்டது. பிறகு சதவீதத்திலும் கழித்தால்? ஒரே செலவை இரண்டு தடவை எழுதுவதுதான்.

இன்னொரு குழப்பம், டாக்டர் எழுதும் சதவீதம். உடம்பில் எவ்வளவு போயிற்று என்பது ஒரு எண். சம்பாத்தியத்தில் எவ்வளவு போயிற்று என்பது வேறு எண். உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபாதா என்ற வழக்கில், 1968-இல் ஒரு தச்சர் சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து இடது கையை இழந்தார். அட்டவணைப்படி ஒரு கைக்கு 100 சதவீதம் வராது, அது பகுதி ஊனம்தான் என்றது முதலாளி தரப்பு. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம்தான் என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: பணம் கொடுக்க வேண்டிய கடமை விபத்து நடந்த அன்றே வந்துவிடுகிறது, ஆணையர் தீர்ப்புச் சொல்லும் நாளில் இல்லை. வட்டி 12 சதவீதம் என்கிறபோது இது சின்ன விஷயம் இல்லை. ஐந்து வருடம் இழுத்தடித்தால் பாதிக்கு மேல் கூடிவிடும்.

2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற சாலை விபத்து வழக்கிலும் இதே விளக்கம். இடது கை போன டிரைவருக்கு வருமானம் முழுசாகப் போகலாம். அதே கை போன அரசாங்க குமாஸ்தாவுக்கு எதுவுமே குறையாமல் இருக்கலாம். அப்படியென்றால் ஏற்கெனவே வலது கால் இல்லாதவருக்கு இடது முழங்கால் என்பது என்ன? பாரம் மொத்தமும் நின்ற ஒரே தூண். அதற்கு 20 சதவீதம் போடுவது, டிரைவருக்கு குமாஸ்தாவின் கணக்கைப் போடுவது மாதிரி.

இங்கிலாந்தில் இந்தச் சண்டையெல்லாம் நூறு வருடத்துக்கு முன்பே நடந்துவிட்டது. நம் 1923 சட்டத்துக்கு மாதிரியே அங்கேயிருந்த சட்டம்தான். 1910-இல் ஒரு வழக்கு: நெஞ்சில் பெரிய ரத்தக்குழாய் வீங்கி, தூக்கத்தில்கூட வெடித்திருக்கலாம் என்ற நிலையில் இருந்த ஒரு தொழிலாளி, ஸ்பேனரால் நட்டு ஒன்றை முறுக்கும்போது குழாய் வெடித்து இறந்தார். நோய் ஏற்கெனவே இருந்தது உண்மை, ஆனால் வெடிக்கச் செய்தது வேலை என்று பிரபுக்கள் சபை சொன்னது. 1912 வழக்கு இன்னும் விசித்திரம். ஒருவருக்கு முன்பே ஒரு கண்ணில் பார்வை இல்லை, ஆனால் பார்த்தால் தெரியாது. வேலையில் அடிபட்டு அந்தப் பார்வையற்ற கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. பார்வையைப் பொறுத்தவரை அவர் எதையும் இழக்கவில்லை. ஆனால் ஒற்றைக்கண்ணர் என்று இப்போது எல்லோருக்கும் தெரிகிறது, யாரும் வேலை தரவில்லை. அதற்கும் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பு. படித்தபோது எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

நம்மூரில் பம்பாய் துறைமுகத்து வாட்ச்மேன் ஒருவரின் வழக்கில், 1950-களில், நீதிபதி சாக்ளா இதே வழியில் போனார். இதய நோய் இருந்தவர்தான், ஆனாலும் வேலையின் சிரமம் மரணத்தை முன்னுக்கு இழுத்திருந்தால் போதும். ஆனால் இதை இஷ்டத்துக்கு இழுக்க முடியாது. வேலை நேரத்தில் மாரடைப்பு வந்தது என்பது மட்டும் போதாது, வேலைக்கும் அதற்கும் தொடர்பைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பின்னாளில் சொல்லியிருக்கிறது.

திண்டிவனம், வானூர் பக்கம் கல்குவாரி, ஜல்லி கிரஷர் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பஸ் ஜன்னலை மூடினாலும் தூசி உள்ளே வரும் இடங்கள். கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இருமலோடு போகிறவரிடம் முதலில் வருகிற சந்தேகம் டி.பி. அந்த மாத்திரை ஒரு முறை சாப்பிட்ட சீட்டு இருந்தால் போதும், "இது பழைய வியாதி" என்று சொல்ல வசதியாகிவிடும். பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் தொழிற்சாலை என்ற வரையறைக்குள் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த குவாரிகள் வரவில்லை. அதனால் அவர்களுக்கு இந்த இழப்பீட்டுச் சட்டம்தான் முக்கியமான வழியாக இருந்தது.

இவ்வளவும் தொழிலாளி பக்கம் நின்று எழுதியது. இனி எனக்குத் தூக்கம் கெடுத்த பக்கம்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில், 1925-இல், நீஸ் எதிர் ஹியூஸ் ஸ்டோன் கம்பெனி என்று ஒரு வழக்கு. கல் கம்பெனிதான், நம்மூர் மாதிரி. முன்பே ஒரு கண் இல்லாத தொழிலாளி மற்ற கண்ணையும் இழந்தார். முழு ஊனத்துக்கான இழப்பீட்டையும் இந்தக் கம்பெனியே தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நான் மேலே சொன்ன வாதம் அப்படியே ஜெயித்த இடம். அதற்குப் பிறகு நடந்தது என்ன தெரியுமா? ஒற்றைக்கண், ஒற்றைக்கை, ஒற்றைக்கால் ஆட்களை அந்த மாநில முதலாளிகள் வேலையைவிட்டு அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்குள் ஏழாயிரம் எட்டாயிரம் பேர் என்று பின்னாளில் சாட்சியம் சொல்லப்பட்டது. கணக்கு எளிது. இரண்டு கண் உள்ளவருக்கு ஒரு கண் போனால் கொஞ்சம் பணம், ஒரு கண் உள்ளவருக்கு ஒரு கண் போனால் முழுப் பணம். அப்படியானால் யாரை வேலைக்கு வைப்பான்?

எங்கள் தெரு அண்ணனை வேலைக்குச் சேர்த்த மில் ஓனரையும் நான் வில்லனாக்க விரும்பவில்லை. போலியோ கால் ஆளை அந்த வட்டாரத்தில் சேர்த்துக்கொண்டதே அவர் ஒருவர்தான்.

நியூயார்க்கில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஏற்கெனவே ஒரு கை இல்லாதவர் மறு கையையும் இழந்த வழக்கில் 1915-இல் முழு இழப்பீடு என்று தீர்ப்பு வர, 1916-இலேயே ஒரு பொது நிதி ஏற்படுத்தினார்கள். இரண்டாவது காயத்துக்கு உண்டானதை மட்டும் இப்போதைய முதலாளி தர வேண்டும், மீதியை அந்த நிதி தரும். தொழிலாளிக்கு முழுப் பணம், முதலாளிக்குப் பயமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து காயம்பட்ட சிப்பாய்கள் வேலை தேடி வந்தபோது பெரும்பாலான மாநிலங்கள் இதைப் பின்பற்றின. (பல மாநிலங்கள் பின்னாளில் மூடியும்விட்டன.)

நம்மிடம் அப்படி ஒரு நிதி இல்லை. 1923 சட்டம் முதலாளியைக் காப்பீடு எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை. மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைக்கும் தனியார் முதலாளிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை அரசே கட்டும் திட்டம் ஒன்று 2008-இல் வந்தது, அதுவும் பதிவேடு, சம்பளச் சீட்டு எல்லாம் ஒழுங்காக இருக்கும் கம்பெனிகளுக்கு. நோட்டில் பென்சிலால் சம்பளம் எழுதுகிற மில்லுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

அரசாங்க வேலை என்றால் கதை வேறு. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் நம் எல்லோருக்கும் தெரியும். அது மாதிரி அரசு நிறுவனத்தில் ஒரு டிரைவருக்குப் பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் அவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் மாற்று வேலை தர வேண்டும் என்று 1995 சட்டமும் அதற்குப் பின் வந்த 2016 சட்டமும் சொல்கின்றன. பஸ் ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு இருக்கிற இந்தக் காவல், அதே பஸ்ஸில் மில்லுக்குப் போகிறவரின் முழங்காலுக்கு இல்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: ஊனமுள்ளவருக்குக் கழித்துக் கொடுப்பது கணக்குப்படி தப்பு, முழுவதையும் ஒரே சின்ன முதலாளி தலையில் கட்டுவது அடுத்த ஊனமுள்ளவருக்கு வேலை இல்லாமல் செய்யும். கட்டுமான நல வாரியத்துக்குச் செஸ் வசூலிக்கத் தெரிந்த நாட்டுக்கு இதற்கு ஒரு நிதி வைக்கத் தெரியாதா?

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1923 சட்டம் அதற்குள் போய்விட்டது. இழப்பீட்டுக் கணக்கும் அட்டவணையும் பெரும்பாலும் பழையபடியே. எங்கள் பாடப்புத்தகத்தில் இன்னும் பழைய சட்டம்தான். அந்த அண்ணனுக்கு அடிபட்ட காலத்துக்கும் பழைய சட்டம்தான்.

அதில் பதினேழாவது பிரிவு ஒன்று இருக்கிறது. இழப்பீடு வேண்டாம் என்று தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும், முதலாளியின் பொறுப்பைக் குறைக்கிற அளவுக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது. 75,000 வாங்கிக்கொண்டு போட்ட கையெழுத்து அவரைக் கட்டாது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். கோரிக்கைக்கு இரண்டு வருடக் கெடு உண்டு, அது தாண்டிவிட்டது. தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் தாமதத்தை மன்னித்து எடுத்துக்கொள்ளலாம். "கேஸ் போட்டாலும் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்" என்பதைத் தகுந்த காரணமாக ஏற்பார்களா என்பதை ஒரு வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் இதைக் காட்டினேன். இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போன் ரிப்பேர் பார்க்கிறார். கணக்குப் போட்ட பேப்பரை வாங்கி, 11,82,360 என்ற எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். பழைய சர்டிஃபிகேட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் டிரங்குப் பெட்டியில இருக்கு. நீ மொதல்ல எக்ஸாமை முடிச்சிட்டு வா, வக்கீலைப் போய்ப் பார்ப்போம்" என்றார்.